நாய்க்குட்டி விற்பவர் பொறுப்பான வளர்ப்பாளர்தானா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையிலோ உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ வசிக்கும் ஒருவர், பேச்சில் ‘சாதி நாய்’ என்று சொல்லப்படும் இன நாய்க்குட்டி ஒன்றை வாங்க விரும்பினால், அது பெரும்பாலும் வேறு மாவட்டத்திலிருந்துதான் வந்து சேர்கிறது. விளம்பரம் முகநூலில் இருக்கும், பேரம் வட்ஸ்அப்பில் முடியும், பணம் வங்கிக் கணக்கில் விழும். குட்டி மட்டும் ஹபரணை தாண்டி வரும் வானில், துளையிட்ட அட்டைப் பெட்டிக்குள் வந்து இறங்கும். விற்றவரின் வீட்டு வாசலை வாங்கியவர் கண்டிருக்கவே மாட்டார். அயலவர்களும் உறவினர்களும் குட்டி வாங்கும் முன்னும், சிலர் வாங்கிக் கைசுட்ட பின்னும், என்னிடம் கேட்ட கேள்விகளுக்கான பதில்களே இவை. நான் மிருக வைத்தியர் அல்லன். பல ஆண்டுகளாக நாய் வளர்ப்பவன், வாங்கிய குட்டி ஒன்றை ஐந்தாம் நாள் பறிகொடுத்தவன்.

பொறுப்பான வளர்ப்பாளர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பெட்டையைக் கடுவனோடு சேர்க்கும் முன்பே, பிறக்கப்போகும் குட்டிகளுக்கு என்ன நோய் வரக்கூடும், அவை எத்தகைய வீடுகளுக்குப் போகவேண்டும் என்று யோசித்தவரைச் சொல்கிறேன். அவர் பெரிய கூடங்கள் வைத்திருப்பவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டின் பின்முற்றத்தில் ஒரேயொரு பெட்டையை வைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் ஈற்றுக் குட்டிகளை மட்டும் எடுப்பவரும் பொறுப்பான வளர்ப்பாளராக இருக்கலாம். பளபளப்பான பெயர்ப்பலகையோடு ஆறு இனங்களை எப்போதும் ‘கைவசம்’ வைத்திருப்பவர் வெறும் வியாபாரியாக இருக்கலாம். ‘எந்த இனம் வேண்டும், நாளைக்கே தரலாம்’ என்று சொல்பவரிடம் இருப்பது பெரும்பாலும் பிறர் வீட்டில் பிறந்த குட்டிகளே.

நேரில் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தாயை. ‘நூலைப் போல சேலை’ என்று நம்மவர்கள் சொல்வது நாய்களுக்கும் பொருந்தும். குட்டியின் அழகை முதலில் பார்த்தால் அதன் பிறகு கண்ணில் வேறெதுவும் படாது என்பதால், குட்டிகளைத் தூக்கும் முன்னரே தாயைக் காட்டும்படி கேளுங்கள். தாய் ‘அண்ணன் வீட்டில் நிற்கிறது’, ‘நேற்றுத்தான் ஊருக்குக் கொண்டுபோனோம்’, ‘அந்நியரைக் கண்டால் கடிக்கும், அதனால் அடைத்திருக்கிறோம்’ என்ற மூன்று பதில்களில் ஒன்று வந்தால், வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

வேறொரு பெட்டையைக் கொண்டுவந்து தாய் என்று காட்டுபவர்களும் உண்டு. ஏழெட்டு வாரங்களுக்கு முன் குட்டி ஈன்ற பெட்டையின் வயிற்றைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்: முலைக்காம்புகள் நீண்டு தொங்கும், பால்மடி முழுவதும் வற்றியிருக்காது, காம்புகளைச் சுற்றிக் குட்டிகளின் நகம் கீறிய சிறு தழும்புகள் இருக்கும், உடலில் மயிர் சற்று உதிர்ந்து மெலிந்தும் காணப்படும். வயிறு இழுத்துப் பிடித்து, காம்புகள் கடலைப் பருப்பளவில் ஒட்டிக்கிடந்தால் அது அந்தக் குட்டிகளின் தாயன்று. குட்டிகளை அருகில் விட்டுப் பார்த்தாலும் போதும். பெற்றவள் முகர்ந்து ஒதுங்கிக்கொள்வாள் அல்லது படுத்துக்கொடுப்பாள், மற்றவள் பெரும்பாலும் உறுமுவாள்.

தாயின் குணத்தையும் கவனியுங்கள். அந்நியரைக் கண்டு குரைப்பது இயல்பு. ஆனால் தன் எசமானர் அருகில் வரும்போதே வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நடுங்கும் பெட்டை, அந்த வீட்டைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. அதன் வயதையும் எத்தனையாவது ஈற்று என்பதையும் கேளுங்கள். இரண்டு வயது நிரம்பும் முன்பே ஈன வைப்பதும், வேட்கை வந்த ஒவ்வொரு முறையும் சேர்ப்பதும் தாயை உருக்கிவிடும்.

தந்தை நாய் இங்கே இல்லை என்கிறார். சந்தேகப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை. நல்ல வளர்ப்பாளர் தன் பெட்டைக்குப் பொருத்தமான கடுவனை வேறொருவரிடம் தேடிப் போவதுதான் வழக்கம். தந்தையின் பதிவுப் பெயர், உரிமையாளர், ஒரு படம், உடற்பரிசோதனை விவரம் ஆகியவை கிடைத்தால் போதுமானது. இருவரும் ஒரே வீட்டில் நின்றால், அவை உடன்பிறந்தவையா, தாயும் மகனுமா என்று மறக்காமல் கேட்க வேண்டும்.

ஆறு வாரத்திலேயே கொண்டுபோகச் சொல்கிறார்கள். கொண்டுவரலாமா?

கூடாது, எட்டு வாரம் நிறைய வேண்டும். கடியின் வேகத்தை அடக்கக் குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறந்தவற்றோடு விளையாடித்தான். முன்கூட்டியே பிரித்த குட்டி வளர்ந்த பின் வீட்டுப் பிள்ளைகளின் கையைப் பதம்பார்க்கும். விற்பவர் அவசரப்படுவதற்குக் காரணம், ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு தீனிச் செலவு ஏறத் தொடங்குவதுதான்.

சொல்லும் வயது உண்மையா என்று வாயைத் திறந்து பார்க்கலாம். பாற்பற்கள் மூன்றாவது வாரமளவில் வெளிவரத் தொடங்கி, எட்டாவது வாரத்தில் 28 பற்களும் ஏறக்குறைய முழுமையாகிவிடும். உதட்டை மெல்ல விலக்கும்போது முன்பற்களும் ஊசிபோன்ற கோரைப்பற்களும் மட்டும் தெரிந்து, அவற்றுக்குப் பின்னால் கன்னப்பகுதி வெறும் ஈறாக இருந்தால், ‘இரண்டு மாதக் குட்டி’ என்ற பேச்சு பொய்.

‘ஊசி எல்லாம் போட்டாயிற்று’ என்கிறார். நம்பலாமா?

எட்டு வாரக் குட்டிக்கு எல்லா ஊசியும் போட்டு முடித்திருக்க முடியாது என்பதால், இந்த ஒரு வசனமே விற்பவரின் அறியாமையை அல்லது நேர்மையின்மையைக் காட்டிவிடுகிறது.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலின் வழியே தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் அதன் உடலுக்குள் வருகின்றன. அவை குட்டியைக் காப்பாற்றும் அதே வேளையில், தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த வைரஸையும் நோய்க்கிருமி என்று எண்ணி அழித்துவிடுகின்றன. அந்தப் பாதுகாப்பு ஒரு குட்டியில் எட்டாவது வாரத்திலும் இன்னொன்றில் பதினான்காவது வாரத்திலும் தேயும். எந்தக் குட்டியில் எப்போது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவேதான் பார்வோ (வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தரும் வைரஸ் நோய்), டிஸ்டெம்பர் (மூச்சையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்), கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான கூட்டு ஊசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. விசர்நோய்க்கான ஊசி வழக்கமாக 12 வாரமளவில் வருகிறது. வயலும் குளமும் எலியும் உள்ள தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்தவர்கள் எலிக்காய்ச்சலுக்கான ஊசியைப் பற்றியும் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

எனவே எட்டு வாரக் குட்டியோடு வரும் தடுப்பூசி அட்டையில் ஓர் ஊசியும், இரண்டாவது வாரத்திலிருந்து இரு வாரத்துக்கொருமுறை கொடுத்த பூச்சி மருந்தின் பதிவும் இருந்தால் அது ஒழுங்கான அட்டை. ஊசிக்கு நேரே மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிறு வில்லை, அதில் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, பக்கத்தில் மிருக வைத்தியரின் கையொப்பம், பெயர், பதிவிலக்கம் கொண்ட முத்திரை ஆகியவை இருக்க வேண்டும். இலங்கையில் தொழில் செய்யும் மிருக வைத்தியர்கள் அனைவரும் இலங்கை மிருக வைத்திய சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டியவர்கள். முத்திரையில் உள்ள பெயரை விசாரிப்பது கடினமன்று.

எனக்கு வந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். மூன்று ஊசிகள், மூன்று திகதிகள், மூன்றும் ஒரே நீலப் பேனையால், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. வில்லை ஒன்றும் இல்லை, முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் வாசிக்க முடியாத கிறுக்கல். பிறந்த திகதி ஜனவரி 20 என்றும் முதல் ஊசி பெப்ரவரி 6 என்றும் இருந்ததைக் குட்டி இறந்த பின்புதான் ஒழுங்காகப் பார்த்தேன். கண்திறந்து சில நாள்களே ஆன, பதினேழு நாள் குட்டிக்கு யாரும் அந்த ஊசியைப் போடுவதில்லை.

‘பேப்பர் இருக்கிறது’ என்றால் நல்ல குட்டி என்று பொருளா?

பேப்பர் என்று சொல்லப்படும் வம்சாவளிச் சான்றிதழ், குட்டியின் முன்னோர் யார் என்பதை மட்டுமே சொல்கிறது. இலங்கையில் இலங்கை கென்னல் சங்கம் இந்தப் பதிவைச் செய்கிறது. அது பெல்ஜியத்தில் தலைமையகம் கொண்ட, 1911 இல் தோன்றிய எஃப்சிஐ என்ற, நாய் இனங்களுக்கான உலக அமைப்போடு இணைந்தது. சான்றிதழில் குறைந்தது மூன்று தலைமுறைகளின் பெயர்களும் பதிவிலக்கங்களும் இருக்க வேண்டும். அவற்றைச் சும்மா மடித்து வைக்காமல் வாசித்துப் பாருங்கள்: ஒரே கடுவனின் பெயர் தந்தை பக்கத்திலும் தாய் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வந்தால், நெருங்கிய உறவில் சேர்த்திருக்கிறார்கள்.

‘பேப்பர் பிறகு அனுப்புகிறேன்’ என்பது பெரும்பாலும் வராத பேப்பர். ஈற்றைப் பதிவு செய்த இலக்கமாவது அன்றே கையில் இருக்க வேண்டும். அந்த இலக்கத்தைச் சங்கத்திடம் கேட்டுச் சரிபார்க்கலாம். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்தியிருப்பதாகச் சொன்னால், சர்வதேச முறையிலான சிப்பில் 15 இலக்கங்கள் இருக்கும். கருவியால் வாசித்துக் காட்டும்போது வரும் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பேப்பர் இல்லாத குட்டி கெட்ட குட்டி என்றும் நான் சொல்லமாட்டேன். பேப்பர் இல்லை என்று நேராகச் சொல்லி, அதற்கேற்ற விலை கேட்பவர், பேப்பர் வரும் என்று இழுத்தடிப்பவரை விட எவ்வளவோ மேல்.

‘லயன் ஷெப்பர்ட்’ என்பது என்ன இனம்?

அடர்ந்த மயிருள்ள கலப்பு நாய்களுக்கு இங்கே வழங்கும் சந்தைப் பெயர். எஃப்சிஐ பட்டியலில் அப்படி ஓர் இனம் இல்லை. அது அன்பான நாயாக வளரலாம். அதற்கு இன விலை கொடுப்பதுதான் தவறு.

பெற்றோருக்கு என்ன பரிசோதனை செய்திருக்க வேண்டும்?

இனத்துக்கு இனம் மாறும் என்பதால், விற்பவரிடம் ‘இந்த இனத்தில் வழக்கமாக வரும் நோய் என்ன?’ என்று வெகுளியாகக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘ஒரு நோயும் வராது’ என்று சொல்பவருக்குத் தன் இனமே தெரியாது. அல்சேஷன் என்று நாம் அழைக்கும் ஜேர்மன் ஷெப்பர்ட், லாப்ரடோர், ரொட்வைலர் ஆகியவற்றில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருகிறது. பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே ஒரு வயது நிறைந்த பின் எடுக்கப்பட்டிருக்க வேண்டும், எஃப்சிஐ முறையில் அது ஏ (கோளாறற்றது) முதல் ஈ (கடுமையானது) வரை தரப்படுத்தப்படுகிறது. டோபர்மனில் இதயத் தசை நோயும், டல்மேஷனில் பிறவிச் செவிடும், பொமரேனியனில் முழங்கால் சில்லு விலகலும், குட்டைக்கால் டாஷ்ஹண்டில் முதுகெலும்பு வட்டு நழுவலும் கேட்டறிய வேண்டியவை.

உண்மையில், திருகோணமலைக்குக் குட்டி விற்க வருபவர்களில் இடுப்பு எக்ஸ்ரேயைக் காட்டியவர் ஒருவரைத்தான் நான் சந்தித்திருக்கிறேன். எல்லாப் பரிசோதனையும் கிடைக்காது என்பதற்காகக் கேட்காமல் விடக்கூடாது; கேள்வி கேட்டதும் எரிச்சல் வருகிறதா, அல்லது ‘அது செய்யவில்லை, ஆனால் தாய்க்கு ஆறு வயதாகியும் நொண்டியதில்லை, பாருங்கள்’ என்ற பதில் வருகிறதா என்பதிலேயே ஆளை அளந்துவிடலாம்.

விற்பவர் என்னையே விசாரணை செய்கிறார். இது என்ன வழக்கம்?

அதுதான் நல்ல சகுனம். லாப்ரடோர் ஈற்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு நான் போன வீட்டில், வயதான அம்மா ஒருவர் கதவைத் திறந்து, குட்டிகளைக் காட்டும் முன் என்னைத் திண்ணையில் இருத்தினார். “பகலில வீட்டில ஆர் தம்பி இருக்கிறது?” என்பது அவருடைய முதல் கேள்வி. மதில் எவ்வளவு உயரம், படலை பூட்டுவதுண்டா, பகலில் சங்கிலியில் கட்டுவீர்களா, முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது என்று அடுத்தடுத்துக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் தயங்கியபோது அவர் விடவில்லை. பார்வோ என்று சொன்னதும், எத்தனை மாதமாயிற்று, நிலத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டு, குட்டியை அன்று தர மறுத்து, அடுத்த ஈற்றுக்கு வரச் சொன்னார். அப்போது எனக்குக் கோபம். இன்று என் வீட்டில் நிற்கும் நாய் அவருடைய அடுத்த ஈற்றுக் குட்டிதான்.

கொழும்புக்குப் போய்வர இயலவில்லை. தூரத்திலிருந்தே எப்படிச் சரிபார்ப்பது?

ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம் எல்லோராலும் நினைத்தவுடன் போகக்கூடியதன்று. ஆயினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டில் வாழப்போகும் உயிருக்காக ஓர் இரவு ரயிலில் போய் மறுநாள் திரும்புவது பெரிய விலையல்ல என்பதே என் கருத்து. முடியவே முடியாது என்றால் அங்குள்ள உறவினரை அனுப்புங்கள். அதுவும் இல்லையென்றால் காணொளி அழைப்பில், வீட்டுப் படலையிலிருந்து குட்டிகள் நிற்கும் இடம்வரை துண்டிக்காமல் நடந்து காட்டச் சொல்லுங்கள். தாயின் அருகில் நீங்கள் தெரிந்தெடுத்த குட்டியை வைத்து, அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் ஏதாவதொன்றை, உதாரணமாக அதன் இடது பின்னங்காலைத் தூக்கிக் காட்டும்படி கேளுங்கள். முன்பே எடுத்த காணொளியை அனுப்பி ஏய்ப்பவரால் இதைச் செய்ய முடியாது.

முற்பணம் கேட்பது ஏமாற்றா?

எப்போதும் அல்ல. பிறந்த குட்டியை உங்களுக்காக ஒதுக்கிவைக்கச் சிறு தொகை கேட்பது நியாயம். ஆனால் தாயை நேரிலோ காணொளி அழைப்பிலோ காணும் முன் ஒரு சதமும் அனுப்பக்கூடாது. முழுத் தொகையையும் கேட்டு, பிறகு ‘கூட்டுக்கு’, ‘வாகனத்துக்கு’, ‘அனுமதிப் பத்திரத்துக்கு’ என்று தவணை தவணையாகக் கறப்பவரிடம் குட்டியே இருப்பதில்லை. வங்கிக் கணக்கின் பெயரும் பேசுபவரின் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்துவிட்டால் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் பொலிஸில் முறையிட வேண்டும்.

ஹஸ்கி, பக் போன்றவற்றை எங்கள் ஊருக்கு விற்பவர் நல்லவராக இருக்க முடியுமா?

கச்சான் காற்று வீசும் மாதங்களில், பகல் வெப்பம் 34 பாகையைத் தொடும் திருகோணமலையில், சைபீரியக் குளிருக்கென்று இரட்டை மயிர்ப் போர்வையோடு பிறந்த ஹஸ்கியை எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்காமல் விற்பவர் நல்ல வளர்ப்பாளர் அல்லர். நாய் மூச்சிரைத்துத்தான் உடலைத் தணிக்கிறது. பக், புல்டோக் ஆகியவற்றின் சப்பை மூக்கில் அதற்கே வழியில்லை. அத்தகைய குட்டியின் தாய் ஓய்வாகப் படுத்திருக்கும்போதே குறட்டை போல ஒலியெழுப்பினால், குட்டியும் அப்படித்தான் இருக்கும். இதை ‘அந்த இனத்துக்கே அழகு’ என்று சொல்பவர்களை நான் பொறுத்துக்கொள்வதில்லை.

செல்லப்பிராணிக் கடையில் வாங்கலாமா?

தன் குட்டி எந்த வீட்டுக்குப் போகிறது என்று அறிய விரும்பும் வளர்ப்பாளர் அதைக் கடைக்குக் கொடுப்பதில்லை. மேலும், பல வீட்டுக் குட்டிகள் ஒரே கூட்டில் சேரும் இடத்தில் நோயும் சேரும்.

விலையை வைத்துத் தீர்மானிக்கலாமா?

முடியாது. அதிக விலையும் பொய் சொல்லும். பணமே பிரச்சினை என்றால், நல்ல ஊர்நாய்க் குட்டி ஒன்றை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் ஊசியும் கருத்தடையும் செய்துகொள்வது எந்த வகையிலும் தாழ்ந்த முடிவன்று; நமது வெயிலுக்கு அவையே பொருத்தமானவை.

‘24 மணிநேர உத்தரவாதம்’ தருகிறார். அது போதுமா?

பார்வோ வைரஸ் உடலுக்குள் புகுந்து வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள்கள் செல்லும். டிஸ்டெம்பருக்கு அதைவிடக் கூடுதல் காலம் எடுக்கும். ஆகவே 24 மணிநேர உத்தரவாதம் விற்பவரைத்தான் காப்பாற்றுகிறது. குறைந்தது இரண்டு வாரம் என்று கேளுங்கள். பரம்பரை நோய்க்குத் தனியாக ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எப்போதாவது உங்களால் வளர்க்க முடியாமற்போனால் நாயைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதித் தருபவர் கிடைத்தால், மற்றச் சிறு குறைகளைப் பொருட்படுத்தாமல் அவரிடம் வாங்கலாம்.

வாங்கியதும் இரண்டு மூன்று நாள்களுக்குள் குட்டியை உங்கள் சொந்த வைத்தியரிடம் காட்டுங்கள். காதின் உட்புறத்திலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பா அல்லது வெளிறியதா என்று அவர் பார்ப்பார். உண்ணிக் காய்ச்சல் நம் பகுதியில் சாதாரணமானது, வெளிறிய ஈறு அதன் அறிகுறிகளுள் ஒன்று.

குட்டி விளையாட்டாகக் கடித்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

தோல் கிழிந்திருந்தால் அலட்சியம் வேண்டாம். ஊசி வயது வராத சிறு குட்டியும் விசர்நோயைக் கொண்டிருக்கலாம். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், குட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குட்டியின் பூர்வீகம் தெரிந்திருப்பது இங்கேயும் உதவும். 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நாயை உள்ளூராட்சிச் சபையில் பதிய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கிய குட்டி பார்வோவில் இறந்துவிட்டது. விற்றவர் மாற்றுக் குட்டி தருகிறார். எடுக்கலாமா?

அவரிடமிருந்தும் வேண்டாம், வேறெவரிடமிருந்தும் உடனடியாக வேண்டாம். அவருடைய வீட்டில் நோய் இருக்கிறது. இப்போது உங்கள் முற்றத்திலும் இருக்கிறது. அந்த வைரஸ் நிழலான மண்ணில் ஓர் ஆண்டு வரையும் உயிரோடு கிடக்கும், சாதாரணச் சவர்க்காரத்துக்கும் டெட்டோலுக்கும் அசையாது. சீமெந்துத் தரையையும் தீனிப் பாத்திரங்களையும் முதலில் நன்றாகக் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோரின் வெளிற்றிக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண்முற்றத்தில் அந்தக் கலவை பயன் தராது. அங்கே வெயில்தான் துணை. படுக்கைத் துணியையும் அட்டைப் பெட்டியையும் எரித்துவிடுங்கள். நான் வேப்பமரத்தின் கீழ்க் கிளைகளை வெட்டி வெயில் விழ வைத்து, ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்த பிறகுதான் அந்த அம்மாவின் வீட்டுக்கு மறுபடி போனேன். அவர் குட்டியைத் தரும் முன் கேட்டது, மரத்தடி மண்ணை அள்ளி எறிந்தாயா இல்லையா என்பதுதான்.